போர்சலைன் என்கிற பீங்கான்

விருந்து மேசையைப் பற்றிய ஆங்கில எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது மூன்று சொற்கள் தவறாமல் மல்லுக்கு நிற்கும்: போர்சலைன், கிறிஸ்டல், கட்லரி (கத்தி, கரண்டி, முள்கரண்டி வகையறா). இயந்திர மொழிபெயர்ப்பிடம் விட்டால் 'நேர்த்தியான சீனா, படிகங்கள் மற்றும் வெட்டுக்கருவிகள்' என்று ஏதாவது எழுதிவைக்கும். சாப்பிட உட்காருகிறோமா, அறுவை சிகிச்சைக்கா என்று படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். மூன்றில் முதல் சொல்தான் கதை நிறைந்தது. அதனால் அதற்கே இங்கு அதிக இடம்.

போர்சலைனுக்குத் தமிழில் பீங்கான். இதில் தயக்கம் வேண்டியதில்லை. 'பீங்கானும் வடக்கேயிருந்து வந்த சொல்தானே, நல்ல தமிழ்ச் சொல் கிடையாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் போர்சலைன் என்ற சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இத்தாலிய மொழியில் 'போர்செல்லானா' என்றால் சோழி. நாம் உருட்டி விளையாடும் அதே சோழிதான். அதன் வளைந்த வடிவத்தைப் பார்த்து, இளம் பெண்பன்றியைக் குறிக்கும் 'போர்செல்லா' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் சீனம் போய்வந்த மார்க்கோ போலோவின் பயண நூலில் சோழிக்கும் இதே சொல், சீனத்து வெள்ளைக் கிண்ணத்துக்கும் இதே சொல். இரண்டுக்கும் ஒரே வழுவழுப்பு, ஒரே மினுக்கம், பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்ணம் எதனால் ஆனது என்பது ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. கடற்சிப்பியையும் முட்டையோட்டையும் அரைத்து, மண்ணுக்குள் பல காலம் புதைத்துவைத்துச் செய்கிறார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

புதிர் அவிழ 18ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் பியோட்கர் என்ற இளம் ரசவாதி, தங்கம் செய்வதாகச் சொல்லி அரசன் அகஸ்டஸின் காவலில் மாட்டிக்கொண்டவர். தங்கம் வரவில்லை, அறிஞர் ச்சிர்ன்ஹவுஸுடன் சேர்ந்து செய்த சோதனையில் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் ஆலை தொடங்கியது. 1712இல், சீனத்தின் ஜிங்தெஜென் நகரத்துச் சூளைகளை நேரில் பார்த்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், செய்முறையை விரிவாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தோடு ஐரோப்பாவுக்குப் போன சொல்தான் 'கயோலின்'. அதுவும் பொருளின் பெயர் அல்ல. அந்த வெள்ளைக் களிமண் கிடைத்த காவ்லிங் என்ற ஊரின் பெயர். உயரமான மேடு என்று பொருள்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரே பாண்டத்துக்கு இருக்கும் பெயர்களில் ஒன்று சோழி, இன்னொன்று நாடு. 'சைனா' என்று நாட்டின் பெயரையே தட்டுக்கும் வைத்துவிட்டார்கள். பாண்டம் எதனால் ஆனது என்று இரண்டுமே சொல்லவில்லை.

பீங்கானும் சொல்லவில்லைதான். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம், அவ்வளவே. அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். வயலுக்கு நீர் பங்கிட அதுதான் கடிகாரம். அந்தக் கிண்ணத்துக்கும் பிங்கான் என்றே பெயர். நாழிகை வட்டில் என்று தமிழில் நாம் சொன்னதும் இதே வகை நீர்க்கடிகாரத்தைத்தான். உண்ணும் பாத்திரத்தின் பெயரையே பொழுது காட்டும் கருவிக்கும் இரண்டு மொழிகளும் கொடுத்திருப்பதைப் பாருங்கள்.

பிங்கான் மேற்கே போய், p, g ஒலிகள் இல்லாத அரபு நாவில் 'ஃபின்ஜான்' ஆயிற்று. காப்பிக் கோப்பையைக் குறித்தது. துருக்கியிலும் அதே. தெற்கிலும் கிழக்கிலும் கடல் வணிகத்தோடு பரவியது: தெலுங்கிலும் கன்னடத்திலும் பிங்காணி, மலையாளத்தில் பிஞ்ஞாணம், சிங்களத்தில் பிங்கான, மலாயில் பிங்கான். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிப் பல கரைகளில் கால் பதித்த சொல் இது. மலாயில் இன்றும் அது எந்தத் தட்டுக்கும் பொதுப்பெயர்; தமிழில் தட்டிலிருந்து நகர்ந்து, தட்டு செய்த பொருளுக்குப் பெயராகிவிட்டது. அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. இதற்குத் துணையாக 'மங்கு' என்றும் ஒரு சொல் உண்டு. பீங்கான் தட்டு, கிண்ணம் இவற்றுக்கு வழங்கியது. மலாயில் கிண்ணத்தை 'மங்குக்' என்பார்கள். இன்று மங்கு கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது.

தூய தமிழ் கேட்பவருக்கு இன்னொன்றும் சொல்லலாம். 'மேசையில் பீங்கான் கோப்பை இருக்கிறது' என்ற வாக்கியத்தில் மேசையும் கோப்பையும் போர்த்துக்கீசியம். பீங்கானை மட்டும் வெளியேற்றி என்ன ஆகப்போகிறது? சுட்ட களிமண் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'வெங்களி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் நூலில் அது சரியாகவே பொருந்தும். தட்டை எடுத்து நீட்டி 'இந்த வெங்களியைப் பிடி' என்று எவரும் சொல்லப்போவதில்லை.

பீங்கானிடம் இருக்கும் உண்மையான குறை வேறு. அது ரொம்பத் தாராளமான சொல். ஊறுகாய் ஜாடியும் பீங்கான், கழிப்பறைக் கோப்பையும் பீங்கான், வெளிச்சம் ஊடுருவும் தேநீர்க் கோப்பையும் பீங்கான். போர்சலைன் என்ற சொல்லுக்கு இவ்வளவு பெரிய மனசு கிடையாது. வெண்களிமண்ணோடு சூளைச் சூட்டில் உருகக்கூடிய பாறைத்தூள் சேர்த்து, 1,200 முதல் 1,400 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு, உள்ளே கண்ணாடித்தன்மை வந்த பொருளுக்கே அந்தப் பெயர். தட்டைத் திருப்பி அடிவிளிம்பைப் பாருங்கள். மெருகு பூசாத ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சாதாரண மண்பாண்டம் என்றால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுக்கும். போர்சலைனில் சொட்டு அப்படியே நிற்கும். தட்டை விளக்கின் முன் பிடித்து, பின்னால் விரலை அசைத்தால் மெல்லிய பகுதியில் விரலின் நிழல் தெரியும். நகத்தால் சுண்டினால் மணி போல ஒலிக்கும்.

இந்த வேறுபாடு தேவைப்படும் இடத்தில் 'நுண்பீங்கான்' என்று எழுதுவது என் பழக்கம். மற்ற இடங்களில் வெறும் பீங்கானே போதும். 'போன் சைனா' கலவையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஸ்போட் ஆலை நிலைப்படுத்திய வகை அது. அதை எலும்புச்சாம்பல் பீங்கான் என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு போன் சைனா என்றே எழுதலாம். 'எலும்புச் சீனா' மட்டும் வேண்டாம்.

அடுத்தது கிறிஸ்டல். கிரேக்கத்தில் 'க்ருஸ்டாலோஸ்' என்றால் பனிக்கட்டி. மலையில் கிடைக்கும் தெளிந்த கல்லை, உருகவே உருகாதபடி உறைந்துபோன பனி என்று நினைத்தார்கள். மேசையில் இருக்கும் கிறிஸ்டல் அந்தக் கல் அல்ல, கண்ணாடி. 1670களில் இங்கிலாந்தில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற கண்ணாடி உற்பத்தியாளர் கண்ணாடிக் குழம்பில் ஈயம் சேர்த்தார். கனமும் ஒளிச்சிதறலும் கூடின, பட்டை தீட்டவும் எளிதாயிற்று. ஐரோப்பிய விதிப்படி 24 விழுக்காடு ஈய ஆக்சைடு இருந்தால்தான் அதை ஈயக் கிறிஸ்டல் என்று விற்கலாம். எனவே 'படிகக் கோப்பை' என்பது பொருட்பிழை. படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், கண்ணாடியில் அந்த ஒழுங்கு கிடையாது. 'பளிங்குக் கோப்பை' அழகான சொல்தான். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்ற குறளில் பளிங்கு என்பது ஒளி ஊடுருவும் படிகமே. ஆனால் இன்று பளிங்கு என்றதும் மார்பிள் தரைதான் கண்ணுக்கு வருகிறது. 'பட்டை தீட்டிய கண்ணாடி' என்றால் குழப்பமில்லை. பட்டை தீட்டாததை 'ஈயக் கண்ணாடி' எனலாம், அல்லது கிறிஸ்டல் என்றே விட்டுவிடலாம்.

கட்லரியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லத்தீனில் சிறு கத்தியைக் குறிக்கும் 'குல்தெல்லுஸ்' பிரெஞ்சு வழியாக வந்தது. கத்திக் கொல்லரின் தொழிலுக்குப் பெயராக இருந்தது, பின்னால் கரண்டியையும் முள்கரண்டியையும் சேர்த்துக்கொண்டது. 'வெட்டுக்கருவி' என்ற மொழிபெயர்ப்பு இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். கரண்டி எதை வெட்டும்? உண்ணும் பாத்திரத்துக்கு 'உண்கலம்' என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால், அதற்கு இணையாக 'உண்கருவி' என்பது தலைப்புகளுக்கும் பட்டியல்களுக்கும் பொருந்தும். ஓடும் உரைநடையில் அதுவும் தேவையில்லை. 'தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் தட்டைப் பார்த்த கூரோடு கத்தி, அதற்கு வெளியே கரண்டி' என்று பெயர் சொல்லி எழுதினால் படிப்பவர் அப்படியே எடுத்து வைத்துவிடுவார்.