ஒரு காலில் மட்டும் வீக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைப்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. குழித்தறி நெய்பவரும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார், ஆனால் அவர் கால் மிதியை மிதித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தக் குழாயின் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

பாதத்துக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற இதயத்தின் வேகம் மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே ஓடும் ஆழ்சிரைகளை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை) பிழிந்து ரத்தத்தை மேலேற்றுகிறது. ஏறியது திரும்பி இறங்காமல் வால்வுகள் தடுக்கின்றன. தசை அசையாவிட்டால் வால்வின் மடிப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கும். த்ராம்பின் என்ற நொதி அங்கே ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்க, அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்கி ரத்த உறைவு வளர்கிறது. இதைத்தான் ஆழ்சிரை உறைவு என்கிறோம். சும்மா உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இது வராது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, பிரசவம் என்று ஏதாவது கூடச் சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில் கவனம் தேவை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்து, பிள்ளை பெற்றவளைப் படுத்தே இருக்க வைப்பது உறைவுக்கு வழிவிடும். அந்த நாட்களில் விடாத தலைவலியோ வலிப்போ வந்தால், மூளைச் சிரையில் உறைவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

காலில் வந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், கெண்டைக்கால் கனத்து வலிக்கும். தையல்காரர் டேப் போதும்: முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் சுற்றி அளக்கவும். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விடவே கூடாது. உறைவு கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் உடனே 108. ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இறங்கவேண்டியது 20 கொண்டை ஊசி வளைவுகள்.

டாப்ளர் ஸ்கேனில் கருவியால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை தட்டையாகிவிடும், உறைவு உள்ளது அமுங்காது. உறைவு சிதையும்போது ரத்தத்தில் சேரும் துணுக்கை அளக்கும் டி-டைமர் பரிசோதனை, சந்தேகம் குறைவாக இருப்பவருக்கு நோய் இல்லை என்று சொல்லத்தான் உதவும். கர்ப்பத்திலும் தொற்றிலும்கூட அது உயரும்.

சிகிச்சை மருந்துகள் உறைவைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஹெப்பாரின் வகை மருந்து உறைவு மேலும் வளராமல் தடுக்கிறது, கரைப்பது உடம்பில் சுரக்கும் பிளாஸ்மின் என்ற நொதி. அந்த வகையைச் சேர்ந்த இனாக்ஸபாரின் ஊசி வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குறைப்பார்கள். வயிற்றுத் தோலடியில் போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும். உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரினோ அசிட்ரோமோ தொடங்கினால் ஊசியைக் குறைந்தது 5 நாள் சேர்த்தே போடுவார்கள். அந்த மாத்திரைகள் உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் சி-யை முதலில் குறைத்துவிடுவதால், தனியாக ஆரம்பித்தால் உறைவு கூடக்கூடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே இருக்கிறது என்று முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, வாரம் தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடலில் சேராது. எந்த மருந்தானாலும் சிகிச்சையைக் குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். வீக்கம் வடிந்ததும் நிறுத்துகிறவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையான டைக்லோஃபெனாக் இவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் போலக் கருத்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பட்டறையிலோ சென்னை பஸ்ஸிலோ மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது. முடியாவிட்டால் குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மேலே இழுத்து, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, 20 முறை செய்யலாம். சிறுநீர் வருமே என்று தண்ணீரைத் தவிர்க்க வேண்டாம், பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினால் நடையும் ஆயிற்று.