படங்களின் பெயர்ப் பட்டியல்: எடுக்க ஒரு நிமிடம், சரிபார்க்கத்தான் நேரம் வேண்டும்

ஒரு ஃபோல்டரில் உள்ள படக் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலாக்கத் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. "படங்களை ஏற்றுங்கள், பட்டியல் தருகிறோம்" என்கிற இணையதளங்கள் வேண்டவே வேண்டாம். தேவை பெயர் மட்டும். அதற்காகப் படத்தையே ஏன் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்க வேண்டும்?

ஐம்பது, நூறு படங்கள் என்றால் விண்டோஸில் காப்பி–பேஸ்ட் போதும். ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. விண்டோஸ் 10 என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்து 'காப்பி ஆஸ் பாத்'. பிறகு நோட்பேடிலோ எக்செலிலோ ஒட்டலாம். ஒவ்வொரு வரியிலும் மேற்கோள் குறிகளும் முழு ஃபோல்டர் பாதையும் சேர்ந்தே வரும். கன்ட்ரோல்+எச் அழுத்தி, மாற்று இடத்தைக் காலியாகவே விட்டு அவற்றை நீக்கிவிடுங்கள். வலது கிளிக் செய்யும்போது முதல் படத்தின் மேல் செய்யுங்கள். நடுவில் உள்ள படத்தில் செய்தால் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும்.

மேக்கில் ஃபைண்டரில் தேர்ந்தெடுத்து கமாண்ட்+சி. டெக்ஸ்ட்எடிட்டில் ஒட்டுவதற்கு முன் ஃபார்மேட் மெனுவில் 'மேக் ப்ளெயின் டெக்ஸ்ட்' கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயர்களுக்குப் பதில் படங்களே வந்து உட்காரும்.

விண்டோஸின் பழைய கட்டளைத் திரையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்), ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் டி-ஐ-ஆர் (dir) கட்டளையின் விடையை ஒரு கோப்புக்குள் திருப்பிவிடும் முறையைப் பலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். வேகமானதுதான். ஆனால் தமிழில் பெயரிட்ட கோப்புகள் இருந்தால் அந்தப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரும். காரணம், அந்தத் திரை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டில் எழுதுகிறது. முதலில் சி-எச்-சி-பி 65001 (chcp 65001) என்று தட்டி எழுத்துக் குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கட்டளையைக் கொடுத்தால் சரியாகும். இன்னொன்று, பட்டியல் கோப்பை அதே ஃபோல்டரில் சேமித்தால் அதன் பெயரும் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிடும்; கட்டளை ஓடுவதற்கு முன்பே அந்தக் கோப்பு உருவாகிவிடுகிறது.

படங்கள் ஆயிரக்கணக்கில், துணை ஃபோல்டர்களிலும் இருந்தால் வெளியிலிருந்து தரவை இழுத்து ஒழுங்குபடுத்தும் எக்செலின் பவர் குவெரி வசதிதான் எங்கள் தேர்வு. விண்டோஸில் எக்செல் 2016 முதல் இது உள்ளேயே இருக்கிறது. 'டேட்டா' தாவலில் கெட் டேட்டா, அதற்குள் ஃப்ரம் ஃபைல், அதற்குள் ஃப்ரம் ஃபோல்டர். ஃபோல்டரைக் காட்டியதும் ஒரு முன்னோட்டம் வரும். அங்கே 'கம்பைன்' பொத்தானைத் தொடாதீர்கள், அது படங்களின் உள்ளடக்கத்தைத் திறந்து ஒன்றுசேர்க்கப் பார்க்கும். 'ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா'தான் வேண்டும். இனி கான்டென்ட் நெடுவரிசையை நீக்கலாம். எக்ஸ்டென்ஷன் (.jpg போன்ற நீட்டிப்பு) நெடுவரிசையைச் சிற்றெழுத்தாக்கிவிட்டு, பட வகைகள் மட்டும் நிற்கும்படி வடிகட்டுங்கள். பவர் குவெரி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும். கேமராவிலிருந்து பெரிய எழுத்து ஜேபிஜியாக வந்தவை வடிகட்டியில் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி மட்டும் போதும் என்று நினைத்தால் ஐபோனின் ஹெச்இஐசியும், இணையத்திலிருந்து இறங்கிய வெப்பியும் வெளியே நின்றுவிடும். அட்ரிபியூட்ஸ் நெடுவரிசையை விரித்தால் கோப்பின் அளவும் கிடைக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பெயரிலிருந்து நீட்டிப்பை நீக்க வேண்டுமென்றால் இங்கேயே நீக்குங்கள். தாளில் இறக்கிய பிறகு ரீப்ளேஸ் கொடுத்தால் எக்செல் தன் வேலையைக் காட்டும்: 00045 வெறும் 45 ஆகும், 3-4 தேதியாகும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். பவர் குவெரியில் எக்ஸ்ட்ராக்ட், பிறகு 'டெக்ஸ்ட் பிஃபோர் டிலிமிட்டர்' எடுத்துப் புள்ளியைக் கொடுங்கள். பெயருக்கு நடுவிலும் புள்ளி இருக்கக்கூடும் என்பதால் கூடுதல் அமைப்பில் 'முடிவிலிருந்து தேடு' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டியலைத் தாளில் இறக்கிய பின் பக்கத்து நெடுவரிசையில் குறிப்பு எழுதுவது ஆபத்து. ரெஃப்ரெஷ் செய்தால் பெயர்கள் இடம் மாறும், குறிப்புகள் அதே வரியில் நிற்கும். ஒரு படத்தின் குறிப்பு அடுத்த படத்துக்குப் போய்விடும். அழித்த கோப்பின் பெயரும் ரெஃப்ரெஷில் தடமின்றி மறையும். ஆவணமாக வைக்க வேண்டிய பட்டியலை மதிப்புகளாக மட்டும் வேறு தாளுக்கு நகலெடுத்து, தேதியிட்டு வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'கோ' என்பதில் வரும் ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் இருக்கலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் இரண்டாகப் பிரித்தே சேமித்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டு பட்டியல்களைப் பவர் குவெரியில் மெர்ஜ் செய்தால், அதாவது பெயரை வைத்து இணைத்தால், பொருந்தாது. சந்தேகம் வந்தால் லென் சூத்திரத்தால் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: 'கோ'வுக்கு 2 வந்தால் சேர்ந்த வடிவம், 3 வந்தால் பிரிந்த வடிவம். ஒகாரத்திலும் ஔகாரத்திலும் இதே கதை.

பெயர் இருப்பதால் படம் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒன்ட்ரைவில் இணையத்தில் மட்டும் வைத்த கோப்புகளின் பெயரும் பட்டியலில் வரும், படம் உங்கள் வட்டில் இருக்காது. நகலெடுக்கும்போது பாதியில் அறுந்துபோன கோப்பும் பெயரளவில் முழுசாகவே தெரியும். அளவு நெடுவரிசையில் பூஜ்யமோ, மற்றவற்றோடு ஒட்டாத சிறிய எண்ணோ இருந்தால் அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால் உடனே ஒன்றை அழித்துவிடவும் கூடாது. கேமராவின் எண் 9999-ஐ எட்டியதும் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். பெயர் ஒன்று, படம் வேறு. ஃபோல்டர் பாதை நெடுவரிசையை விடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதே பாதை நெடுவரிசை வெளியே அனுப்பும்போது எதிரியாகும். அதில் கணினியின் பயனர் பெயரும், வாடிக்கையாளர் அல்லது நோயாளி பெயரில் வைத்த ஃபோல்டர்களும் அப்படியே தெரியும். சில ஆண்ட்ராய்ட் போன்கள் ஸ்கிரீன்ஷாட் பெயரிலேயே தேதி, நேரத்தோடு செயலியின் பெயரையும் சேர்த்துவிடுகின்றன. பாதையை மறைத்து வைத்தால் போதாது, யாரும் திரும்ப விரித்துவிடலாம். பெயர் நெடுவரிசையை மட்டும் புதிய கோப்பில் மதிப்பாக ஒட்டி, அதை அனுப்புங்கள். குவெரி இணைந்த அசல் கோப்பை அனுப்பினால் மூல ஃபோல்டரின் முகவரியும் அதற்குள்ளேயே போகும்.