இரைப்பையை எடுத்த பிறகு புற்று திரும்பினால் மறுபடி அறுவை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சிலருக்குத்தான். யாருக்கு என்பதைப் புற்று எந்த இடத்தில் திரும்பியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இரைப்பையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். மீதியுள்ள இரைப்பையிலோ குடலோடு தைத்த இணைப்பிலோ மட்டும் கட்டி இருந்தால், மிச்சத்தையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைக்கலாம். பல ஆண்டுகள் கழித்து வருவது சில சமயம் பழைய நோயே அல்ல, மிச்ச இரைப்பையில் முளைத்த புதுப் புற்று. அல்சருக்காக அந்தக் காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக்கூட இது வருவதுண்டு.

இந்த இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கும்; எது தழும்பு, எது புற்று என்று பிரித்தறிவதே பாதி வேலை. சிலருக்கு மண்ணீரலையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ சேர்த்து எடுக்க நேரும். புதிய இணைப்பில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பல நேரங்களில் முதலில் சில மாதம் கீமோ கொடுத்து, நோய் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே கத்தியை எடுக்கிறோம். அதற்குள் வேறு இடங்களில் பரவிவிட்டால், பயன் தராத ஓர் அறுவையாவது தவிர்க்கப்படும்.

கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும், அல்லது சினைப்பையில் மட்டும் என்றால் அறுவையைப் பற்றி யோசிக்கலாம். வயிற்றின் உள்ளுறை முழுக்கக் கடுகு தூவினாற்போலப் பரவியிருந்தால் எடுத்து முடிக்க இயலாது. இந்தப் பரவல் ஸ்கேனில், பெட் ஸ்கேனில்கூட, தெரியாமல் போகலாம். ஆகவே பெரிய அறுவைக்கு முன் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றுக்குள் சிறு கேமராவை விட்டு, ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். சிறிய துளைதான், பெரிய வயிற்றுக் கீறலை மிச்சப்படுத்தும்.

குடல் அடைத்துக்கொண்டால் அது வேறு கதை. சாப்பாடு இறங்குவதற்காக மாற்றுப்பாதை போடுவதோ, அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழாயை வைப்பதோ நோயைக் குணமாக்காது, வாந்தியையும் வலியையும் குறைக்கும். கையெழுத்துப் போடும் முன் "இது குணப்படுத்தவா, கஷ்டத்தைக் குறைக்கவா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று: விழுங்கச் சிரமம் என்றாலே புற்று என்று பயப்பட வேண்டாம், இணைப்பு தழும்பேறிச் சுருங்கினாலும் அப்படித்தான் இருக்கும். எண்டோஸ்கோபியில் பயாப்சி, அதாவது சோதனைக்குச் சிறு திசுத் துணுக்கு, எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வரும்போது பழைய அறுவைக் குறிப்பையும் பயாப்சி அறிக்கையையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு எடுத்தார்கள், எதை எதோடு தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.