ஒரே சிக்னல், மூன்று கோடுகள்

அமெச்சூர் ரேடியோவில் கணினி மூலம் சிறு செய்திகளை ஒலித் தொனிகளாக அனுப்பும் முறை எஃப்டி8. பெறுபவரின் ‘வாட்டர்ஃபால்’ திரையில் ஒவ்வொரு சிக்னலும் ஒரு கோடாகத் தெரியும். “எஃப்டி8-இல் 700 ஹெர்ட்ஸில்தான் அனுப்புகிறேன். ஆனால் 1400-லும் 2100-லும் என் கோடு விழுகிறதாம். ரேடியோ பழுதா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். பெரும்பாலும் ரேடியோ நன்றாகவே இருக்கும். கணினியிலிருந்து அதற்குப் போகும் ஒலி மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான்.

சைன் அலையின் உச்சி வெட்டுப்பட்டால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்கள் பிறக்கும். இது பள்ளிப் பாடம். 700-க்கு 1400, 2100. இரண்டுமே ரேடியோவின் எஸ்எஸ்பி ஃபில்டருக்குள் (பேச்சளவு அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி) அடங்குவதால் ஆன்டெனா வரை போய்விடுகின்றன.

அந்தக் கோடுகளின் அகலத்தைப் பாருங்கள். எஃப்டி8-இன் எட்டுத் தொனிகளுக்கும் இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ், மொத்த அகலம் 50. அதிர்வெண் இரட்டிக்கும்போது இடைவெளியும் 12.5 ஆகிவிடும். எனவே 1400-இல் விழும் கோடு 100 ஹெர்ட்ஸ் அகலம், 2100-இல் 150. இடைவெளி மாறிவிட்டதால் அவற்றை யாராலும் டிகோடு செய்ய, அதாவது செய்தியாகப் படிக்க, முடியாது, பிறர் இடத்தை அடைப்பதுதான் மிச்சம். மாறாக, அதே 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் தள்ளி நகல்கள் தெரிந்து, அவையும் டிகோடு ஆனால், அது மின்சார ஹம், அதாவது மின்வழி வரும் ரீங்காரம். ஒலி அளவைத் தொட்டுப் பயனில்லை. பவர் சப்ளையையும் கிரவுண்ட் லூப்பையும் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாவது) பாருங்கள். ஒரு கோட்டின் பருமனே நோயைச் சொல்லிவிடுவது எவ்வளவு அழகு!

சரிசெய்வது சுலபம். பேச்சின் ஒலியை அழுத்திக் கூட்டும் ஸ்பீச் கம்ப்ரசரை அணைத்து, ரேடியோவை டேட்டா மோடில் வையுங்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி, எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ‘டியூன்’ அழுத்தி, ‘பவர்’ ஸ்லைடரை ரேடியோவின் ஏஎல்சி மீட்டர் (ஒலி மிஞ்சும்போது ரேடியோ தானே அடக்குவதைக் காட்டுவது) அசையாத நிலைக்கு இறக்குங்கள். சில மாடல்களில் மீட்டரின் முதல் சில கட்டங்கள் ஒலி அளவை மட்டுமே காட்டும், கையேட்டைப் பாருங்கள். ஸ்லைடரை ஏற்றினால் தொலைவு கூடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கூடுவது குப்பைதான்.

கேட் கன்ட்ரோல் (ரேடியோவைக் கணினி இயக்கும் இணைப்பு) இருந்தால், மென்பொருளில் ‘ஸ்பிளிட் ஆபரேஷன்’ என்பதில் ‘ஃபேக் இட்’ தேர்ந்தெடுங்கள். அனுப்பும்போது மட்டும் டயல் 14.074-இலிருந்து 14.073 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஒலி 700-க்குப் பதில் 1700 ஆகும். வானில் போவது அதே 14.0747தான். ஆனால் 1700-இன் இரட்டிப்பு 3400. அதை ஃபில்டர் வெட்டிவிடும். ஒலியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் நிறுத்துவதன் சூட்சுமம் இதுதான். இந்த மென்பொருள் வரிசையைத் தொடங்கிய ஜோ டெய்லர், பல்சர் (சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை வீசும் விண்மீன்) ஆய்வுக்காக 1993-இல் நோபல் பெற்ற வானியலாளர்.

உங்கள் வாட்டர்ஃபாலில் வலுவான எல்லா நிலையங்களுக்கும் இரட்டைக் கோடு தெரிந்தால், வழிவது உங்கள் உள்வரும் ஒலி. வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும்போது மென்பொருளின் ஒலி மீட்டர் சுமார் 30 டிபி காட்டட்டும். விண்டோஸின் ஒலி அமைப்பில் மைக் பூஸ்ட், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் இரண்டையும் அணைத்து, 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் வையுங்கள். விண்டோஸின் டீஃபால்ட் ஒலிக்கருவி கணினி ஸ்பீக்கராகவே இருக்கட்டும். இல்லையேல் மெயில் வந்த ‘டிங்’ ஓசையும் ஒலிபரப்பாகும். யூஎஸ்பி கேபிளை வேறு துளையில் செருகினால் கருவியின் பெயர் மாறிவிடக்கூடும். வாட்டர்ஃபால் திடீரென இருண்டால் முதலில் அதைப் பாருங்கள், அடுத்து விண்டோஸின் மைக்ரோஃபோன் அனுமதியை.