எட்டை விட்டுவிட்டு ஏழைப் பிடித்த மருந்து

ரத்தம் சரியாக உறையாத நோய் ஹீமோபிலியா ஏ. அது கடுமையாக உள்ளவருக்கு முழங்காலுக்குள் ரத்தம் கசிந்தால், உடலில் இல்லாத பேக்டர் 8 என்ற உறைதல் புரதத்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். ஆனால் இவர்களில் 100க்கு 25 முதல் 30 பேரின் உடல் அதை வேற்றுப்பொருளாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. அதுதான் இன்ஹிபிடர். அதை அளக்கும் பெதஸ்டா யூனிட் கணக்கில் 5ஐத் தாண்டிவிட்டால், பேக்டர் 8 எவ்வளவு ஏற்றினாலும் பெரும்பாலும் வீண்.

சரி, எட்டு இல்லாமலே உறைய வைக்க முடியாதா? 1980களின் தொடக்கத்தில் சுவீடன் மருத்துவர் உல்லா ஹெட்னர் கையில் எடுத்தது பேக்டர் 7ஏ, அதாவது முடுக்கிவிடப்பட்ட பேக்டர் 7.

நம் எல்லோர் ரத்தத்திலும் 7ஏ துளியளவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரத்த நாளம் கிழிந்ததும், உள்ளே மறைந்திருந்த திசுக் காரணி என்ற புரதம் வெளிப்படுகிறது. 7ஏ அதைப் பற்றிக்கொண்டு பேக்டர் 10ஐ முடுக்குகிறது. உறைதலை நடத்தும் த்ராம்பின் கொஞ்சம் பிறக்கிறது. பிளேட்லெட்டுகள் என்ற ரத்தத் தட்டணுக்களை உசுப்பிவிட அது போதும், ரத்தத்தை நிறுத்தப் போதாது. உசுப்பிய பிளேட்லெட்டின் மேல் 8ம் 9ம் கூடிப் பேக்டர் 10ஐ ஏராளமாக முடுக்கினால்தான் ரத்தத்தை அடைக்கும் ஃபைப்ரின் இழைகளின் வலை இறுகும். ஹீமோபிலியாவில் அறுந்து கிடப்பது இந்தக் கட்டம்தான்.

மருந்தின் சூட்சுமம் அளவில் இருக்கிறது. கிலோவுக்கு 90 மைக்ரோகிராம் போட்டால், ரத்தத்தில் 7ஏ இயல்பைவிட நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது. பிளேட்லெட்டில் அது அரைகுறையாகத்தான் ஒட்டும். இவ்வளவு இருக்கும்போது அதுவே போதும். 8, 9 இரண்டையும் எதிர்பாராமல் நேரே 10ஐ முடுக்கிவிடுகிறது. இன்ஹிபிடர் பாட்டுக்கு இருக்கட்டும், அதோடு மல்லுக்கட்டுவதே இல்லை!

அப்படியானால் உடம்பெல்லாம் உறைந்துவிடாதா? திசுக் காரணியோ உசுப்பிய பிளேட்லெட்டோ இல்லாத இடத்தில் 7ஏ ஏறக்குறைய சும்மா கிடக்கும். ஆபத்தே இல்லை என்றில்லை. இதய நாள அடைப்பு உள்ள முதியவருக்குக் கவனம் வேண்டும்.

7ஏவை ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தால் சொற்பமே தேறும். அதனால் மனித மரபணுவை வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்களில் புகுத்தித் தயாரித்தார்கள். 1988இல் ஸ்டாக்ஹோமில் ஒரு முழங்கால் அறுவையில் முதன்முதலாகப் பயன்பட்டது. நோவோசெவன் என்ற பெயரில் ஐரோப்பாவில் 1996இலும் அமெரிக்காவில் 1999இலும் அனுமதி கிடைத்தது.

படுத்துவது அதன் ஆயுள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதி போய்விடும். குப்பியிலுள்ள பொடியில் திரவத்தை விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைத்து, 2 முதல் 5 நிமிடத்தில் நரம்பில் செலுத்த வேண்டும். கசிவு நிற்கும்வரை 2 மணிக்கொருமுறை மறுபடியும் அதே வேலை, நடுராத்திரியானாலும்.

2017இல் வந்த எமிசிசுமாப், தோலுக்கடியில் போடும் தடுப்பு மருந்து. அதன்பின் கசிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் மீறி வரும் கசிவுக்கு வேறு மருந்து வேண்டும். பிளாஸ்மாவிலிருந்து வரும் உறைதல் பேக்டர்களின் கலவையான ஏபிசிசியை அதிக அளவில் எமிசிசுமாபோடு சேர்த்தபோது, ஆய்விலேயே சிலருக்கு நுண்நாளங்களில் உறைகட்டி உண்டானது. அதனால் அந்த நேரத்தில் மருத்துவர்கள் முதலில் நாடுவது இன்றும் 7ஏவைத்தான்.