77 ஆர்.டபிள்யூ. எந்த ஊர் வண்டி?

1961 மார்ச். ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் இ-டைப் காரை முதன்முதலாக வெளியே காட்டுகிறார்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வந்த கூட்டத்துக்கு அங்கே இருந்த வண்டி போதவில்லை, இன்னொன்றை உடனே கொண்டு வா என்று ஜாகுவார் ஆலை இருந்த கோவென்ட்ரியில் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்குச் செய்தி போகிறது, மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறார். முதலில் போன வண்டியின் நம்பர் 9600 எச்.பி., அவர் ஓட்டிப்போனது 77 ஆர்.டபிள்யூ. கார் பிரியர்கள் இந்தக் கதையில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த நம்பர் பிளேட்டுகள் மேல்தான் கண்.

எச்.பி., ஆர்.டபிள்யூ. இரண்டுமே கோவென்ட்ரி நகரசபைக்கு ஒதுக்கப்பட்ட எழுத்துகள். டி.யூ., கே.வி., வி.சி., டபிள்யூ.கே. இவையும் அதே ஊருக்குத்தான். 1953இல் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற இடத்தில் மணிக்கு 124 மைல் தாண்டிப் போன டிரயம்ப் டி.ஆர்.2 காரின் நம்பர் எம்.வி.சி. 575. டிரயம்பும் கோவென்ட்ரிதான். ஆலை தன் சொந்த உபயோகத்துக்கும் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கவும் பதிவு செய்த வண்டிகள் இப்படி உள்ளூர் எழுத்துகளோடு இருக்கும். காசு கொடுத்து வாங்கியவரின் வண்டி அப்படி இருக்காது, அது எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊர் எழுத்தோடு ஓடும். எடின்பரோவில் விற்ற கார் என்றால் எஸ்.ஜி. அல்லது டபிள்யூ.எஸ்., இப்படி.

இந்த முறை 1904 ஜனவரி 1 அன்று ஆரம்பித்தது. முந்தைய ஆண்டு போட்ட மோட்டார் கார் சட்டம் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) பெரிய நகரத்துக்கும் ஒன்றோ இரண்டோ எழுத்துகளைக் கொடுத்து, 1 முதல் 9999 வரை நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. மத்தியப் பதிவேடு என்று எதுவும் கிடையாது. எழுத்துகள் தீரத் தீர 1932இல் முன்னால் இன்னோர் எழுத்தைச் சேர்த்து மூன்றாக்கினார்கள். அதில் கடைசி இரண்டுதான் ஊர், முதல் எழுத்து வெறும் வரிசை. ஐ, கியூ, இசட் மூன்றையும் தவிர்த்தால் 23 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 999 எண்கள், ஆக ஓர் ஊர்க் குறியீட்டுக்குச் சுமார் 23,000 வண்டிகள்தான். பிஸியான ஊர்களுக்கு இது எம்மாத்திரம்? 1953 முதல் எண்ணை முன்னால் போட்டு எழுத்தைப் பின்னால் தள்ளினார்கள், 77 ஆர்.டபிள்யூ. அந்த வகை. அதுவும் போதாமல் 1963இல் கடைசியில் ஆண்டு எழுத்து வந்தது, முதல் எழுத்து ஏ. எல்லா ஊர்களும் கட்டாயம் அதைப் போட ஆரம்பித்தது 1965இல், சி எழுத்தின்போது. ஆண்டு எழுத்து இருந்தால், வண்டி எப்போது பதிவானது என்று கண்டுபிடிக்கும் உங்கள் வேலை பாதி முடிந்தது. 1967இல் மட்டும் கவனம் தேவை: ஈ எழுத்து ஜனவரியில் தொடங்கி ஜூலையோடு முடிந்து, ஆகஸ்டிலேயே எஃப் வந்துவிட்டது.

ஆண்டு எழுத்து இல்லாத வண்டிக்கு வேறு கணக்கு. அதே ஊரில், அதே வரிசையில், தேதி தெரிந்த இரண்டு வண்டிகளைக் கண்டுபிடித்தால் உங்களுடைய எண் அவற்றுக்கு நடுவில் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். 120ஆம் எண் மார்ச்சில், 480ஆம் எண் ஜூனில் என்றால் 300ஆம் எண் கிட்டத்தட்ட ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், ஏனென்றால் விற்பனையாளர்கள் மொத்தமாக எண்களை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகச் செலவழித்ததும் உண்டு.

சரி, இவ்வளவும் பிளேட்டில் இருப்பது உண்மை என்று நம்பினால்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த நம்பிக்கைதான் முதல் தப்பு. பிரிட்டனில் அழகான எண்ணைக் காரிலிருந்து கழற்றி இன்னொரு காருக்கு முறைப்படி மாற்றிக்கொள்ளலாம், எண்ணை மட்டும் தனியாக விற்கவும் செய்யலாம். சின்ன எண் கொண்ட பழைய கார் என்றால் ஏதாவது ஒரு கட்டத்தில் யாரோ எண்ணை உருவிக்கொண்டு போயிருப்பார்கள். காலியான காருக்கு அதன் வயதுக்கு ஏற்ற வேறு பழைய எண்ணைத் தருவார்கள். அந்த எண் எங்கிருந்து வரும்? ஸ்காட்லாந்தில் கின்ராஸ், கின்கார்டின் மாதிரி மக்கள் குறைந்த சின்னக் கவுண்டிகளில் செலவாகாமல் தங்கிய எண்களிலிருந்து. முறையே எஸ்.வி., எஸ்.யூ. என்று முடிபவை. ஆகவே லண்டனில் கிடைக்கும், எம்.ஜி. கம்பெனியின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எஸ்.வி. எழுத்தோடு நின்றால், அது கின்ராஸ் பண்ணைக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்று கதை கட்டாதீர்கள். எண்ணை விற்றிருக்கலாம், அல்லது வண்டி அமெரிக்காவிலிருந்து பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து முதல்முறையாகப் பிரிட்டனில் பதிவாகியிருக்கலாம். இரண்டாவது ரொம்பவே சகஜம். எம்.ஜி.ஏ. என்ற முந்தைய மாடலில் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், உள்நாட்டில் தங்கியது ஆறாயிரத்துக்கும் குறைவுதான்.

அப்போ உண்மை எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஒன்று, ஆலையின் பேரேடு. எம்.ஜி., டிரயம்ப், ஆஸ்டின்-ஹீலி போன்றவற்றின் பேரேடுகள் வார்விக்‌ஷயரில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன, ஜாகுவாருக்குத் தனி அறக்கட்டளை உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள்: எந்த நாள் செய்தது, என்ன நிறம், என்ன என்ஜின் எண், எந்த டீலருக்கு அனுப்பியது. சேசிஸ் எண்ணே பாதி கதை சொல்லும். ஜி.எச்.என்.3 என்று தொடங்கினால் ஜி என்பது எம்.ஜி., எச் என்பது 1,400 முதல் 1,999 சிசி வரையிலான என்ஜின், என் என்பது இரண்டு பேர் உட்காரும் உடல், 3 என்பது வரிசை. அப்புறம் ஒரு எல் சேர்ந்திருந்தால் இடதுபக்க ஸ்டியரிங், அதாவது ஏற்றுமதி. ஆனால் பதிவு எண்ணை இதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வண்டியைப் பதிவு செய்தது ஆலை அல்லவே.

இரண்டு, கவுன்சில்களின், அதாவது எண் கொடுத்த கவுண்டி, நகர நிர்வாகங்களின் பதிவேடு. எண், தேதி, தயாரிப்பு, நிறம், உரிமையாளர் பெயர், முகவரி என்று கையால் எழுதிய பெரிய பெரிய புத்தகங்கள். மூன்று, வண்டியோடேயே பயணித்த லாக்புக், நம்ம ஆர்.சி. புக் மாதிரி. 1921இல் வந்தது, மங்கிய பழுப்பு நிற அட்டை. கை மாறும்போதெல்லாம் புதுப் பெயர், வரி கட்டும்போதெல்லாம் தேதி முத்திரை. முத்திரைகளுக்கு நடுவில் நாலு வருஷ இடைவெளி இருந்தால் வண்டி எங்கோ ஷெட்டில் படுத்துக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு எந்தப் பளபளப்பான சான்றிதழைவிடவும் இந்த அழுக்கு அட்டை மேல்தான் மதிப்பு அதிகம்.

சிக்கல் 1974இல் வந்தது. பதிவு வேலை முழுவதையும் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீக்கு, ஒரே மத்திய அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் வரி கட்ட வந்தபோது ஏறிக்கொண்டன. கொட்டகையில் தூசி படிந்து நின்றவை ஏறவில்லை. 1983இல் கதவைச் சாத்திவிட்டார்கள், அதுவரை ஏறாத எண்கள் செல்லாமல் போயின. கவுன்சில்களின் பழைய புத்தகங்களோ, கொஞ்சம் கவுண்டி ஆவணக்காப்பகங்களுக்குப் போயின, கொஞ்சம் டிராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் அறக்கட்டளையிடம் சேர்ந்தன, மீதி இடம் அடைக்கிறது என்று குப்பைக்குப் போயின. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஆகவே உங்கள் காரின் முதல் உரிமையாளர் யார் என்று தெரிவதும் தெரியாமல் போவதும், எந்தக் கவுன்சிலில் அலமாரி காலியாக இருந்தது என்பதைப் பொறுத்த விஷயம்.

காகிதம் எல்லாம் கிடைத்தாலும் கடைசியில் இரும்பிடம்தான் கேட்க வேண்டும். இ-டைப்பில் சேசிஸ் எண் தகட்டில் இருப்பது தவிர, முன்பக்க ஃப்ரேமின் குறுக்குச் சட்டத்திலும் அடித்திருக்கும். தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் ஆணி அடிப்பது அரை மணி நேர வேலை. உலோகத்தில் அடித்த எண்ணை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. எண் அடிக்கும் அச்சு மேலே விழும்போது அந்தப் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் படிகத் துகள்களும் நசுங்கி உருமாறிவிடுகின்றன. மேற்பரப்பை அரம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினாலும் அடியில் அந்த நசுங்கல் இருக்கும். தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திரவத்தைத் தடவினால் நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும், அப்போது பழைய எண் நிழல் மாதிரி எழுந்து வரும். போலீஸ் தடயவியல் ஆட்கள் திருட்டு வண்டியில் செய்வதும் இதையேதான். ரொம்ப ஆழமாகத் தேய்த்திருந்தால் ஒன்றும் வராது. நீங்களே வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், அமிலம் இருக்கிற எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எல்லாம் பொருந்தி வந்தால் செல்லாமல் போன பழைய எண்ணைத் திரும்பக் கேட்கலாம். பழைய லாக்புக் மாதிரி ஒரு மூல ஆவணமோ காப்பகப் பதிவேட்டின் பிரதியோ வேண்டும், அங்கீகாரம் பெற்ற உரிமையாளர் சங்கம் ஒன்று இதுதான் அந்தக் கார் என்று உறுதி சொல்ல வேண்டும், அந்த எண் இப்போது வேறு வண்டியில் இருக்கக் கூடாது. கிடைத்ததும் காகிதத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள்: இனி இந்த எண்ணை வேறு காருக்கு மாற்ற முடியாது. எண்ணை விற்றுக் காசு பார்க்கலாம் என்று வந்தவர்கள் அந்த வரியைப் படித்ததும் முகம் சுண்டிப் போவார்கள்.