மயக்க மருந்து வேண்டாம்தானே, டாக்டர்?

லேசர் அறுவை சிகிச்சை என்று சொன்னதும் செல்லப்பிராணி வளர்ப்பவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அதனால் மயக்க மருந்தும் இல்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். மிகச் சிறிய மரு என்றால் லேசான மயக்கமும் மரத்துப்போகும் ஊசியும் போதலாம். வாய்க்குள்ளோ கண்ணிமையிலோ வேலை என்றால் முழு மயக்கம் வேண்டும். விழிக்கு இவ்வளவு அருகில் லேசரை ஓட்டும்போது நாய் தலையை ஒருமுறை சிலுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மயக்கத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையும் வெறும் வயிறும் லேசருக்கும் உண்டு.

வெட்டுவதற்கு நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் பட்டேல் உருவாக்கியது. அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியைத் தண்ணீர் மிக எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். உடல் திசுவில் பெரும்பங்கு தண்ணீர்தானே. ஒளி பட்ட இடத்தில் செல்லுக்குள் இருக்கும் நீர் நொடியில் ஆவியாக, திசு பிரிந்துகொடுக்கிறது. ஓரத்தில் பரவும் சூட்டில், ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. நாக்கு, ஈறு, இமை, தொண்டை போல ரத்தம் சுரந்து கண்ணை மறைக்கும் இடங்களில் இது பெரிய உதவி. அதைவிடப் பெரிய குழாய்களை லேசரை நம்பி விட முடியாது. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது உள்ளே இருக்கும் குழாய்களை நான் நூலால்தான் கட்டுகிறேன். தோலை மட்டும் லேசரால் கீறிவிட்டு அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. லேசர் புண் கத்திப் புண்ணைவிட வேகமாக ஆறும் என்பதும் பொதுவாகச் சொல்லக்கூடியதல்ல. முதல் சில நாட்கள் அது மெதுவாகவே ஆறக்கூடும்.

லேசரின் அருமை தெரியும் இடம் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் தொண்டை. "நன்றாகக் குறட்டை விடுவான், அதுவே ஓர் அழகு" என்று அழைத்து வருகிறார்கள். அது அழகல்ல, மூச்சுத் திணறல். மண்டை குட்டையாகிவிட்ட இந்த இனங்களில் மென் அண்ணம், அதாவது வாய்க்கூரையின் பின்பக்க மென்சதை, மட்டும் நீண்டு, குரல்வளை வாசலில் திரைச்சீலைபோலத் தொங்குகிறது. நாய் ஒவ்வொரு மூச்சையும் அதைத் தள்ளிக்கொண்டுதான் இழுக்கிறது. அந்த நுனியை லேசரால் எடுத்தால் ரத்தம் அநேகமாக வராது, வீக்கமும் குறைவு. குரல்வளையில் வீக்கம் என்றால் மூச்சே அடைபடும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது? குரல்வளை மூடியின் நுனியும் டான்சில் சதையின் பின்விளிம்பும்தான் அடையாளம். குறைத்து வெட்டினால் திணறல் மிஞ்சும். கூடுதலாக வெட்டிவிட்டால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும், அதை ஈடுசெய்வது கடினம்.

இன்னொன்று தீ. மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே லேசர். கற்றை தவறி டியூபில் பட்டால் தொண்டைக்குள்ளேயே தீப்பற்றும். அதனால் டியூபைச் சுற்றிலும் சலைனில் நனைத்த காஸ் துணியை அடைக்கிறோம். அது காய்கிறதா என்று பார்க்கவே ஒருவர் நிற்பார். ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியைப் பூசிவிட்டு, அது உலர்வதற்குள் லேசரை எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. நாயின் கண்களுக்கும் ஈரத் துணி. எரிந்த திசுவின் புகையை உறிஞ்சும் கருவி வெட்டும் இடத்துக்கு அருகிலேயே ஓட வேண்டும், ஏனென்றால் அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. ஆகவே உங்கள் மருத்துவரிடம் என்ன மாடல் லேசர் என்று கேட்பதைவிட, மயக்கத்தைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருக்கிறாரா, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள்.

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் லேசரைத்தான் காட்டச் சொல்கிறார்கள். நான் ஊசியையும் நூலையும் கொடுக்கிறேன். லேசர் அடைக்காத குழாய் ஒன்று பீறிடும்போது காப்பாற்றப்போவது அந்த முடிச்சுதான். முடிச்சு கைக்கு வந்தபின், ஈரப்படுத்திய மரக்குச்சியிலும் கோழித் தோலிலும் லேசர் பழக்கம். கை தயங்கி நின்றால் கோடு கருகும், சீராக ஓடினால் வெளிர் நிறத்தில் விழும். கருகலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள விடமாட்டேன். தொடக்க காலத்தில் ஒரு பூனையின் தோல்கட்டியை நான் மெதுவாக, அதிகச் சூட்டில் எடுத்துவிட்டேன். ஓரம் கருகியிருப்பதால் கட்டி முழுமையாக வந்ததா என்று சொல்ல முடியவில்லை என ஆய்வகத்திலிருந்து எழுதினார்கள். அந்தப் பூனையை வளர்த்தவரிடம் அதைச் சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. இப்போதெல்லாம் சந்தேகத்துக்குரிய கட்டி என்றால் சுற்றியுள்ள திசுவையும் தாராளமாகச் சேர்த்து வெட்டுகிறேன், அல்லது கத்தியையே எடுக்கிறேன்.

ஒரு பக் நாய்க்கு அண்ணம் வெட்டி முடித்தபின், பயிற்சிக்கு வந்த மாணவி கையுறையைக் கழற்றப் போனாள். "இன்னும் முடியவில்லையம்மா, அவனருகில் உட்கார்" என்றேன். இந்த நாய்களுக்கு டியூபை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. நெஞ்சு தரையில் படும்படி கிடத்தி, கழுத்தை நீட்டிவைத்து, ஒரு கையால் டியூபைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். அவன் கண் திறந்தான், தலை தூக்கினான், வாயில் டியூபோடு சுற்றுமுற்றும் பார்த்தான். டியூபைக் கடித்து மெல்லத் தொடங்கியபோதுதான் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். அவள் குனிந்து அவன் மூக்கருகே காதை வைத்தாள். "சத்தமே வரவில்லை, டாக்டர்" என்றாள் பயந்துபோய். அவன் விலா சீராக ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.